ஆன்மார்த்தமும் பரார்த்தமும்

(திருக்குட நன்னீராட்டு விழாப் பேரவையில் நிகழ்ந்த சொற்பொழிவு)



திருப்பணி இனிது நிறைவுற்றது. விமானத்தின்மீது புதிய தூபிகள் விளங்குகின்றன. இளங்கோயிலில் எழுந்தருளியிருந்த பெருமான் தன் மூலத்தானத்திற்கு மீண்டும் எழுந்தருளுங் காலம் வாய்த்தது. இந்நன்னாளிற் பேசுதற்குரிய பொருள்கள் பலவாயினும், திருப்பணிக்குப் பொருள் வேண்டிச் சென்ற அன்பர்கள் வீடுதோறும் கேட்டு வந்த வினா ஒன்றனையே இச்சொற்பொழிவு எடுத்துக்கொள்ளுகின்றது.

அவ்வினா இது: இறைவன் அடியார் உள்ளத்தின்கண் எழுந்தருளியிருக்கின்றான் என்று நூல்கள் கூறுகின்றன, இல்லத்தின் ஒரு பக்கத்தில் விளக்கேற்றிப் பத்திர புட்பமிட்டு வழிபடுவாரையும் அவன் ஏற்றுக்கொள்ளுகின்றான். அங்ஙனமாயின் கல்லிலும் சுதையிலும் இத்துணைப் பெரும்பொருளைச் செலவிடுவது எற்றுக்கு? இதனை வினவுவாருட் சிலர் பொருள் கொடுக்க மனமின்மையால் வினவுவர். அவருக்கு விடை வேண்டுவதில்லை. சிலர் மெய்யாகவே ஐயுற்று வினவுவர். அவருக்கு விடை கூறாது மேற்செல்லுதல் முறையன்று. இதற்கு மறுதலையாகிய ஐயமும் ஒன்றுண்டு. அது வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை, செயலிலே காணப்படுவது. திருப்பணிக்குப் பெருநிதி உதவித் தம் பெயரைக் கல்லிற் பொறித்துக்கொண்டோர் சிலர், இனித் தமக்கு நாள்வழிபாடு ஒன்று வேண்டுமோ என்னும் எண்ணத்தினராய் ஒழிகின்றனர். முன்னவர் வீட்டைக் காட்டிக் கோயிலை விடுகின்றனர். பின்னவர் கோயிலைக் காட்டி வீட்டை விடுகின்றனர்.

சிவாகமங்கள் பூசையை ஆன்மார்த்தம் எனவும் பரார்த்தம் எனவும் இருவகையாகப் பகுத்தன. தன் ஆன்மாவின் பொருட்டு ஒருவன் செய்வது ஆன்மார்த்தம். விசேட தீக்கை பெற்றான் ஒருவன் தன் ஆசாரியன்பால் இலிங்கத்தைப் பெற்று, உடலோடு உயிர் கூடியிருக்குங் காறும் விடாது பூசிப்பேன் என உறுதிகூறி ஏற்றுக்கொள்ளுவது அது. அவ்விலிங்கம் எடுத்துச் செல்லப்படுவதாதலின் சலலிங்கம் எனப்படும். பரார்த்தமாவது உலகின்கண் உள்ள உயிர்களெல்லாவற்றின் பொருட்டும் திருக்கோயிலில் தாபிக்கப்பட்ட அசல இலிங்கத்தில் ஆதிசைவராகிய சிவாசாரியர் செய்வது. முன்னதற்குப் பயன் கொள்ளுவான் பூசிப்பவன். பின்னதற்குப் பயன் கொள்ளுவார் ஊரார், நாட்டார், அரசர், ஆனிரை, அக்கோயிலின் வாயிலை ஒருகாலும் மிதியாதவருங்கூட. காமிகம், காரணம் முதலிய ஆகமங்கள் பரார்த்தத்தை விரித்தோதும். 12ஆம் நூற்றாண்டில் அகோரசிவாசாரியர் இயற்றிய கிரியாக்கிரமத்தியோதிகை சிவபூசை செய்வான் நாடோறும் செய்யுங் கிரியைகளை முறைப்படுத்தி உரைக்கும். எனவே இரண்டும் நூல்வழக்குடையன. ஒன்று மெய், மற்றொன்று போலி என்பதற்கு இடமில்லை.

ஆயினும் திருமுறைகளைப் பயில்வார்க்கு இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரணுமாறு தோன்றும் இடங்கள் உள. அவற்றை மறைத்துவிட்டு எல்லாம் ஒன்றே என்று எளிதிற் கூறிவிடுவது ஆராய்ச்சியாகாது. திருமூல நாயனார் திருமந்திரத்தின் இரண்டாந் தந்திரத்தில், திருக்கோயிற் பூசனைகள் தப்பினால் மழை வளங் குன்றும், களவு மிகும், அரசர்க்குத் தீங்கு வரும் என எச்சரிக்கின்றார். அதே நூலின் ஏழாந் தந்திரத்தில், ஓவியமமைந்த கோயிலில் உறையும் பெருமானுக்குக் கொடுப்பது நடமாடுங் கோயிலாகிய அடியார்க்குச் சென்று சேர்வதில்லை. அடியார்க்குக் கொடுப்பதோ இருவரையும் சேரும் என்கின்றார். ஒருவரே இரண்டையும் கூறினர். பின்னதனை மட்டும் எடுத்துக்கொண்டு கோயிற்றிருப்பணி வேண்டா எனப் பேசுவோர், நாயனார் முன்னதனையும் பாடினார் என்பதைக் காட்டாது விடுகின்றனர். இரண்டனையும் வைத்து நோக்கின், பூசை தப்புதலைப் பொறாத அவரே, கோயிற்குக் கொடுத்துவிட்டேன் எனச் சொல்லிப் பசித்த அடியாரைக் கடந்து போவானையும் பொறார் என்பது புலனாம்.

அப்பரடிகளும் இவ்வாறே. உடம்பையே கோயிலாக்கி மனத்தை அடிமையாக்கி வழிபடும் முறையைப் பாடியவர் அவர். கங்கையில் ஆடினும் காவிரியில் ஆடினும் எங்கும் ஈசன் உளன் என்று உணராதார்க்குப் பயனில்லை எனக் கடிந்தவரும் அவரே. இவற்றை மட்டும் கேட்பார், அவர் ஓரிடத்தே அமர்ந்து கண்மூடியிருந்தவர் என்றே கருதுவர். அவரோ திருக்கோயில் இல்லாத ஊரை ஊர் அன்று, காடு என்று பாடினார். உழவாரப் படையைத் தோளில் ஏந்தி, முதுமையிலும், பிறர் கட்டிய கோயில்களின் முற்றங்களிற் புல்லைச் செதுக்கிக்கொண்டு ஊர்தோறும் நடந்தார். உள்ளத்திற் கோயில் கண்டவர்க்கு ஊர்க்கோயிலின் முற்றத்துப் புல் கண்ணிற் படுகின்றது. அதுவே அவர் நமக்கு வைத்துச் சென்ற விடை எனலாம்.

இனி, இப்பொருளுக்கு உயிராக நிற்பது திருத்தொண்டர் புராணத்துள் நமிநந்தியடிகள் வரலாறு. அவர் நீரால் விளக்கெரித்த செய்தியைப் பலரும் அறிவர். அப்பரடிகளும் தம் திருவாரூர்த் திருவிருத்தத்துள் அதனைப் போற்றினார். அதன்பின் நிகழ்ந்ததே இங்கு வேண்டுவது. அஃது அத்துணை பேசப்படுவதில்லை.

அடிகள் ஏமப்பேறூரில் வாழ்ந்த அந்தணர். நாடோறும் திருவாரூருக்கு வந்து திருத்தொண்டு செய்து, இரவில் தம் ஊருக்கு மீண்டு, இல்லத்திற் சிவபூசை முடித்து, அமுது செய்து துயில்வார். பகலிற் பொது வழிபாடு, இரவில் தனி வழிபாடு என இரண்டனையும் ஒரு நாளிலே வைத்து வாழ்ந்தவர் அவர். ஒருநாள் ஆரூர்ப் பெருமான் திருமணலிக்கு எழுந்தருளினார். எல்லாக் குலத்தாரும் ஒருங்கே உடன் சென்றனர். அடிகளும் அக்கூட்டத்திற் சென்று பெருமானைக் கண்டு தொழுது இன்புற்றார். பெருமான் மீண்டும் ஆரூர் புகுந்தபின், பொழுது சாய அடிகள் தம் ஊர் அடைந்தார். அடைந்தவர் இல்லத்தினுட் புகவில்லை, புறங்கடையிலேயே கிடந்தார்.

மனைவியார் வந்து, சிவபூசையும் தீ வேட்டலும் முடித்து அமுது செய்து பள்ளிகொள்ளலாகாதோ என வினவினார். அடிகள் கூறிய விடை சிந்திக்கத்தக்கது. பெருமானுடன் இன்று திருமணலிக்குச் சென்றேம். அங்கே எல்லாரும் கலந்து வந்தமையால் தீட்டுண்டாயிற்று. நீராடித் தூய்மை செய்துகொண்டே மனையுட் புகுந்து பூசை தொடங்குதல் வேண்டும். அதற்கு நீரும் பிறவும் கொண்டு வருக என்றார். அவ்வம்மையார் விரைந்து உள்ளே சென்றார்.

இங்கே சிறிது நின்று நோக்குக. அடிகள் தீயவர் அல்லர். நீரால் விளக்கெரிக்கும் பேறு பெற்ற அன்பர். விழாவிற் கூட்டத்தோடு நடந்தபொழுது அவருக்கு அருவருப்பு எழுந்ததாகச் சேக்கிழார் கூறவில்லை. அங்கே அவர் மகிழ்ந்தே நடந்தார். வீட்டு வாயிலை அடைந்தபொழுதுதான், உள்ளே காத்திருக்குந் தம் பூசையை நினைந்தபொழுதுதான், பகலிற் கலந்த மக்கள் அவருக்குத் தீட்டாயினர். தனி வழிபாடு தூய்மையை வேண்டும். அத்தூய்மை, பொது வழிபாட்டில் உடன் நின்றாரைக் கழுவிப் போக்கவேண்டிய அழுக்காகக் காட்டிற்று. வழிபாடு இரண்டும் ஒன்றையொன்று எதிர்க்கும் இடம் ஏட்டில் அன்று, வீட்டுத் திண்ணையில் உள்ளது என்பதனைச் சேக்கிழார் பெருமானைப்போல் இவ்வளவு நுட்பமாகக் காட்டினார் பிறர் அரியர்.

நீர் வருவதற்கு முன்னரே, இறைவன் திருவருளாலோ உடல் அயர்வாலோ, அடிகளுக்கு உறக்கம் வந்தது. கனவில் ஆரூர்ப் பெருமான் எழுந்தருளி, திருவாரூரிற் பிறந்தார் எல்லாரும் நம் கணத்தவர். அத்தன்மையை நீ காண்பாய் என அருளி மறைந்தார். அடிகள் திடுக்குற்று உணர்ந்தார். இரவுப் பூசையைச் செய்யாது அயர்ந்துவிட்டோமே என வருந்தி, எழுந்த அந்நிலையிலேயே வழிபாட்டை முடித்தார். மனைவியார்க்கும் நிகழ்ந்ததனை உரைத்தார். எழுந்த நிலையிலே என்பதனை அன்பர்கள் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். நீராட்டுப் பற்றிய பேச்சு அங்கே இல்லை. எந்நீருக்காக மனையுட் புகாது கிடந்தாரோ அந்நீரைச் சேக்கிழார் மறந்தாரல்லர். அடிகள் அதனை வேண்டாராயினார்.

விடிந்தபின் திருவாரூரை அடைந்தார். அவ்வூரிற் கண்டார் யாவரும் சிவபெருமான் திருவுருவினராய் ஒளிவிட்டுத் தோன்றினர். நிலமுற வீழ்ந்து தொழுதார். பின்னர் அவ்வுருவங்கள் நீங்கி, அம்மக்கள் பண்டுபோலவே தோன்றினர். அடியேன் பிழையைப் பொறுத்தருளல் வேண்டும் என்று பெருமானை இறைஞ்சினார். அதன்பின் ஏமப்பேறூரை விட்டுத் திருவாரூரிலேயே குடிபுகுந்தார். நாடோறும் வந்து மீளுதலை விட்டு, அம்மக்களிடையே வாழ்ந்தார்.

இதில் இறைவன் கூறியதும் உண்டு; கூறாததும் உண்டு. உன் வீட்டுப் பூசை வேண்டா என்று அவன் கூறவில்லை. கூறியிருப்பின் அடிகள் நள்ளிரவில் எழுந்து அதனைச் செய்திரார். உன் பூசைக்காகப் பிறரை அழுக்கு என எண்ணற்க என்பதே அத்திருவாக்கின் கருத்து. மேலும், மக்கள் சிவவுருவாகத் தோன்றியது சிறிது பொழுதே. பின் அவர்கள் வியர்த்து உழைக்கும் பழைய மக்களாகவே ஆயினர். ஒளியோடு தோன்றியபொழுது தொழுதல் யார்க்கும் எளிது. ஒளி மறைந்த பின்னரே அடிகள் பொறுத்தருள வேண்டினார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இவ்வரலாறு 12ஆம் நூற்றாண்டிற் பாடப்பட்டது. அதனைப் போற்றி ஓதிய நாட்டிலேயே மக்களுட் பெரும் பகுதியினர் கோயில் வாயிலுக்கு வெளியே பன்னூறாண்டு நிறுத்தப்பட்டனர் என்பது நாணத்திற்குரிய செய்தி. 1939ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நிகழ்ந்தது. 1947இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசத்திற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. ஆகமத்தை எடுத்துக்காட்டி அன்று இதனைத் தடுக்க முயன்ற சைவர் சிலரும் இருந்தனர். அவர்களும் திருத்தொண்டர் புராணத்தைப் பட்டிற் பொதிந்து வைத்துப் பூசித்தவர்களே. வாயிற்கதவைச் சட்டம் திறந்தது. புறங்கடையிற் கிடந்து நீர் கேட்கும் மனத்தைத் திறப்பது சட்டத்தின் செயலன்று. விழாவிற்குச் சென்று வந்தவுடன் கூட்டத்தில் யார் யாரோ இடித்தார்கள் என்று சொல்லி முகஞ்சுளித்து நீராடுவார் இன்றும் நம் வீடுகளில் இல்லை எனல் இயலுமோ?

இவ்விடத்திற் கண்ணப்பர் வரலாற்றை எடுத்துக்காட்டுவது சொற்பொழிவாளர் வழக்கம். விதிவழிப் பூசை செய்த சிவகோசரியாரைத் தாழ்த்தி, விதியறியாத அன்பை உயர்த்தப் பலர் அதனைப் பயன்படுத்துவர். பெருமான் சிவகோசரியார் கனவில் வந்து காரணங் கூறினான். மறைந்திருந்து காணும்படி பணித்தான். புறக்கணிக்கப்பட்டவர்க்கு இப்பேறு வாய்க்குமோ? அதனை விரிப்பின் பெருகும், இவ்வளவில் அமைக.

பூசலார் நாயனார் வரலாறோ இவ்விழாவிற்கென்றே அமைந்தது போல்வது. ஏனெனில் அது கும்பாபிடேக நாள் ஒன்றைப் பற்றியது. தொண்டைநாட்டுத் திருநின்றவூரிற் பிறந்த அந்தணர் அவர். பெருமானுக்குக் கோயில் எடுக்க விழைந்து பொருள் தேடியலைந்தார், எங்கும் கிடைத்திலது. அதன்பின் மனத்தினாலேயே எடுக்கத் துணிந்தார். கல்லும் மரமும் மனத்தாலே தேடினார், தச்சரை மனத்தாலே அமைத்தார், நல்ல நாளிலே கடைக்கால் இட்டார், இரவிலும் துயிலாது உறுப்புக்களை ஆகமப்படி அமைத்தார், தூபி நட்டார், சுதைவேலை முடித்தார், கிணறு எடுத்தார், மதில் வகுத்தார், குளமும் தொட்டார், தாபிக்கும் நாளையும் குறித்தார்.

இவ்வடைவிற் கிணறும் குளமும் வந்தமை எண்ணுதற்குரியது. தன் ஒருவன் வழிபாட்டிற்கு, அதுவும் மனத்தினுள்ளே நிகழும் வழிபாட்டிற்குக் குளம் எதற்கு? மதில் எதற்கு? அவர் எண்ணியது தனிக்கோயில் அன்று. ஊரார் வந்து நீராட, திருமஞ்சனத்திற்கு நீர் முகக்க, அடியார் வலம்வரத் தக்க பொதுக்கோயிலையே அவர் உள்ளத்தில் எடுத்தார். கையிற் பொருளில்லாமையாற் கோயில் உள்ளத்தின்கண் நின்றதேயன்றி, அதன் அளவு ஒருவர்க்கு மட்டும் ஆயதன்று. இன்று உள்ளமே கோயில் எனக் கூறிக் கொடை மறுப்பார் இந்நாயனாரைச் சான்று காட்டுவர். காட்டுவார் தம் உள்ளத்தில் ஊரார்க்கென ஒரு கிணறேனும் தோண்டியதுண்டோ எனத் தம்மையே வினவிக்கொள்ளுவாராக.

அதே காலத்திற் காடவர் கோமான் காஞ்சியிற் பெரும்பொருள் செலவிட்டுக் கற்றளி எடுத்து, அதே நாளைக் கும்பாபிடேகத்திற்குக் குறித்திருந்தான். அதற்கு முன்னாளிரவு பெருமான் அவன் கனவிற் சென்று, நின்றவூர்ப் பூசல் நெடுநாள் நினைந்து செய்த ஆலயத்துள் நாளை நாம் புகுகின்றேம். நீ இச்செயலை நாளை ஒழித்துப் பின்னர்ச் செய்வாயாக என்றருளினார். அரசன் வியந்து நின்றவூர் சென்றான். பூசலார் கட்டிய கோயில் யாண்டையது என வினவினான். அப்படியொரு கோயில் இங்கில்லை என்றனர் ஊரார். மறையவரைக் கூட்டி வினவ, அப்பெயருடையார் ஒருவர் இவ்வூரினர் என்றனர். அவரை அழைத்துவர விடாது, அரசன் தானே அவர்பாற் சென்று தொழுது வினவினான். பூசலார் மருண்டு, என்னையும் ஒரு பொருளாகக் கருதி அருள் செய்தாரோ எனக் கரைந்து, மனத்தால் எடுத்த திறத்தை உரைத்தார். மன்னவன் தன் மாலை தரையிற் படுமாறு வீழ்ந்து வணங்கி மீண்டான்.

அரசனுக்குக் கிடைத்த ஆணை நாளை மாற்றுக என்பதே. கோயிலை விடுக என்பதன்று. இராசசிம்ம பல்லவன் எடுத்த காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலே அக்கற்றளி என ஆராய்ச்சியாளர் கொள்ளுவர். அது 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டொன்று அவ்வரசனைக் கலியுகத்தில் அசரீரி கேட்டவன் எனப் புகழ்கின்றது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக அக்கோயில் நிற்கின்றது. பரார்த்த பூசையும் நிகழ்கின்றது. கும்பாபிடேகம் தள்ளிப்போனமையால் அதற்கு வந்த குறை யாதுமில்லை. அரசன் இழந்தது ஒரு முகூர்த்தம். பெற்றது, தன் நாட்டில் பொருளில்லாத ஒருவன் தன்னினும் பெரிய கோயில் எடுத்திருந்தான் என்னும் அறிவு. கும்பாபிடேகத்தை இந்த நாளில் இன்னார் தலைமையில்தான் நடத்துவது என்று பூசலிட்டுக்கொள்ளும் திருப்பணிக் குழுவினர் எவரேனும் இருப்பின், அவர் இவ்வரசனை நினைந்துகொள்ளுதல் நலம். திருநின்றவூரிலோ இன்று இருதயாலீசுவரர் என்னுந் திருநாமத்தோடு கற்கோயிலே உள்ளது. இங்கே கோயில் இல்லை என்ற ஊராரின் வழியில் வந்தோர், உள்ளத்துக் கோயிலை ஊர்க்கோயிலாக்கிக்கொண்டனர்!

நன்கொடை அளித்த பெருமக்கள் பலர் இப்பேரவையில் வீற்றிருத்தலின், சண்டேசுர நாயனார் வரலாற்றையும் சிறிது கூறுதல் தகும். சேய்ஞலூரில் விசாரசருமர் என்னும் சிறுவர், மண்ணியாற்றங்கரையில் மணலால் இலிங்கமும் கோயிலும் அமைத்து, தாம் மேய்த்த பசுக்கள் தாமே பொழிந்த பாலால் ஆட்டினார். ஒருவரும் அறியாத தனி வழிபாடு அது. ஆயின் பசுக்கள் ஊரார்க்குரியன. ஊர்ப்பாலை மணலில் ஊற்றுகின்றான் என்ற முறையீடு எழுந்தது. வேள்விக்கு வேண்டும் பால் ஒருசிறிதும் குறையவில்லை என்பதனைச் சேக்கிழார் முன்னரே கூறிவைத்தார். எனினும் தந்தை எச்சதத்தர் வெகுண்டு வந்து, மகனை அடித்தும் பயனின்மையால், பாற்குடத்தைக் காலால் இடறினார். மேல் நிகழ்ந்தது யாவரும் அறிந்ததே.

இங்கு வேண்டுவது அவர் பெற்ற பதவி. தனியே மணலிற் பூசித்த அச்சிறுவரைத் தொண்டர்க்குத் தலைவராக்கி, தான் உண்டனவும் உடுத்தனவும் சூடினவும் அவர்க்கே உரியன என இறைவன் அருளினான். சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில் கோயில் நிலம் வாங்குவதும் விற்பதும் ஆதிசண்டேசுவரர் பெயராலேயே நிகழ்ந்தன. 1010இல் நிறைவெய்திய தஞ்சை இராசராசேச்சரத்தில், கோயிற்குக் கொடுத்த காசு அவர் பெயராலேயே ஊர்ச்சபைகளுக்கு வட்டிக்கு விடப்பட்டது. ஊர்ப்பொருளைத் தன் பூசைக்குக் கவர்ந்தான் எனப் பழிக்கப்பட்டவரே ஊர்ப்பொருள் அனைத்திற்கும் காவலராயினார். கோயிலினின்று தன் பொருட்டு ஒன்றும் கொள்ளாதவரிடத்தே அன்றோ கோயிற்பொருளை ஒப்புவித்தல் தகும்! கொடுத்தவர் பெயர் கல்லில் இருக்கலாம், கொடுத்தபின் பொருள் அவருடையதன்று, திருப்பணிக் குழுவினுடையதுமன்று. சண்டேசுவரர் சந்நிதியில் கைகளை மெல்லத் தட்டிக் காட்டுவது, கோயிற்பொருள் எதனையும் கொண்டு செல்லவில்லை என அவர்க்கு அறிவித்தற்கு என்பர். இக்காலத்தார் சிலர் ஆடையிலிருந்து நூலைப் பிரித்து அவர்மேல் இடுகின்றனர். சிலர் அவர் செவிகேளாதார் எனக் கருதி விரலை ஓங்கிச் சொடுக்குகின்றனர். தியானத்தில் இருப்பவரை இங்ஙனம் வருத்துதற்கு எந்நூலிலும் விதியில்லை.

இனி, இவ்வெல்லாவற்றினும் தெளிந்த விடை கிரியையினுள்ளேயே கிடைக்கின்றது. அதனைக் கற்றார் அன்றி மற்றையோர் உற்றுநோக்குவதில்லை. பரார்த்த பூசை செய்யுஞ் சிவாசாரியர் வைகறையில் எழுந்து, நீராடி, முதலிலே தம் ஆன்மார்த்த பூசையை முடித்தல் வேண்டும். அது முடித்தவர்க்கே திருக்கோயிற் பூசைக்கு உரிமை. கோயிலுட் புகுந்தபின்னரும் நேரே திருமஞ்சனக் குடத்தை எடுத்துவிடுவதில்லை. ஆன்மசுத்தி, தானசுத்தி, திரவியசுத்தி, மந்திரசுத்தி, இலிங்கசுத்தி என்னும் ஐந்தனுள் அவர் தம்மைத் தூய்மை செய்துகொள்ளுதலே முதலாவது. இலிங்கம் ஈற்றிலேயே வருகின்றது. அதனோடு அந்தரியாகம் என்பதொன்று நிகழும். இதயத்திற் பூசையும், உந்தியில் ஓமமும், புருவ நடுவில் தியானமும் ஆக, புறத்தே ஒரு பூவும் எடாமுன் உள்ளே பூசை முழுவதும் நிகழ்ந்து முடியும். கோயிலில் மணியொலி கேட்டுக் காத்து நிற்பார்க்கு அது தெரிவதில்லை. ஐயர் கண்மூடி இருக்கின்றார், தீபாராதனைக்கு நேரமாகின்றதே என முணுமுணுப்பர். அவ்வேளையில் அவர் செய்வது பூசலார் செய்தது. ஊர்க்கோயிலின் கதவு ஒவ்வொரு நாளும் ஓர் உள்ளக்கோயிலின் வழியாகவே திறக்கின்றது.

சிவாசாரியர் அவசரத்தால் இதனை விடுவாராயின் குறை அவர்க்கு மட்டும் அன்று. மூன்று கோயிலுக்கு ஒருவரை வைத்து, மாதத்திற்கு அரிசியும் சிறு பொருளும் அளந்துவிட்டு, அந்தரியாகம் செய்யவில்லையே எனக் குறைகூறும் ஊரார்க்கும் அதிற் பங்குண்டு. விமானத்திற்குப் பொன் பூசிய கைகள் அவர் வீட்டு அடுப்பையும் நினைத்தல் வேண்டும். திருமூலர் கூறிய நடமாடுங் கோயில்களுள் அவர் குடும்பமும் ஒன்று.

கும்பாபிடேகக் கிரியையும் இதனையே உணர்த்துகின்றது. திருப்பணி தொடங்குமுன் மூர்த்தியின் அருட்கலையைக் கலாகர்ஷணத்தாற் கும்பத்தில் ஏற்றி இளங்கோயிலில் வைத்தனர். இப்பொழுது யாகசாலையில் வேள்வி பல காலம் நிகழ்ந்தபின், நாடிசந்தானத்தால் அவ்வருளை மூல மூர்த்தியோடு இயைவிப்பர். எங்கும் நிறைந்தவனை ஒரு குடத்தில் அடக்குவது யாங்ஙனம் என வினவுவார்க்குப் பத்ததி நூல்கள் கூறும் விடை, ஆசாரியன் தன் இதயத்தில் உள்ள சிவனையே மந்திரத்தாற் கும்பத்தில் எழுந்தருளச் செய்கின்றான் என்பது. குடத்திற்கு வருவது ஒருவர் உள்ளத்திலிருந்து. குடத்திலிருந்து செல்வது ஊர் முழுவதற்கும். உள்ளத்தில் இல்லாதது குடத்திற்கு வருதல் எங்ஙனம்? ஊருக்குச் செல்லாதது குடத்தில் இருந்தும் பயன் என்?

மெய்கண்ட தேவர் தம் சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில், மலம் நீங்கி ஞானம் பெற்ற சீவன்முத்தரும் அன்பரோடு கூடியிருந்து, அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே தொழுவர் என்றருளினார். வழி காட்டும் நூலின் தொடக்கத்தில் அன்று, முடிவில் வைத்தார். கோயில் அறியாதவர்க்கு ஏற்பட்ட படிக்கட்டு, அறிந்தபின் விட்டுவிடத் தக்கது எனப் பேசுவோர், இச்சூத்திரம் அந்நூலில் எவ்விடத்து நிற்கின்றது என்பதனை நோக்குவாராக.

கும்பாபிடேகத்தின் பின் மண்டலாபிடேகம் 48 நாள் நிகழும். முதல் நாளிற் கூடும் கூட்டத்தை யாவரும் அறிவர். இருபதாம் நாள் மாலையில் வந்து நிற்பார் எத்துணையர் என்பதனைத் திருப்பணி செய்த ஊர்கள் அறியும். இல்லத்திற் பூசை உடையார் அதனை விடாது முடித்துக்கொண்டு, அத்தூய்மையோடு மாலையில் இங்கு வருக. பூசை இல்லாதார் ஒரு விளக்கேனும் வீட்டில் ஏற்றி வைத்து வருக. வருவார் தம்மருகே நிற்பவர் யார் என்று வினவாது நிற்க. அந்நாட்களில் திருமஞ்சனத்திற்குப் பாலும் விளக்கிற்கு நெய்யும் ஊரார் முறைவைத்து அளித்தல் நன்று. செல்வர் ஒருவரே 48 நாளையும் ஏற்றுக்கொள்ள முன்வரின், அவரை வணங்கி, அவர்க்கு ஒருநாளை மட்டும் கொடுத்து, எஞ்சிய நாட்களை ஆழாக்கு நெய்யேனும் கொண்டு வரக்கூடிய மற்றைய வீடுகளுக்குப் பகிர்ந்து வைக்குமாறு திருப்பணிக் குழுவினரை வேண்டி இச்சொற்பொழிவு நிறைவுறுகின்றது.

திருச்சிற்றம்பலம்.